எட்டு மணி நாடகம் எட்டு மணிக்கே

24 செப்டம்பர் 2024, செவ்வாய்

பிற்பகல் மூன்று மணியைத் தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே உறைந்து நின்றது. போன மாதம் எங்கள் ஒளிபரப்பு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த தம்பி பதறிப்போய், "அக்கா, சிக்னல் போச்சு!" என்றார். அவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பின் நிழல் கிண்ணத்தின் நட்டநடுவில் விழுந்திருந்தது. சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நின்றால் இப்படித்தான், சூரியனின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் அமுங்கிவிடும். இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில் சிங்கப்பூரில் இது வரும். சில நிமிடங்கள் பொறுத்தால் போதும். நிழல் மெல்ல விலகுவதைத் தம்பி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் நின்றேன்.

27 செப்டம்பர், வெள்ளி

கட்டணத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றில் பேச்சுவார்த்தை. சென்னைச் சேனல் ஒன்றைச் சிங்கப்பூருக்கென்று தனி ஃபீடாக, அதாவது தனி ஒளிபரப்பாக, தருகிறோம் என்பது எங்கள் திட்டம். அவர்கள் நீட்டிய தாளில் தமிழ், கொரியன், ஜப்பானிய மொழி எல்லாம் 'அயல்மொழி' என்ற ஒரே தலைப்பின்கீழ் இருந்தன. விலை பேசுவதற்கு முன் அந்தத் தலைப்பைப் பற்றித்தான் பேசினேன். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. 1963இல் இந்த ஊருக்குத் தொலைக்காட்சி வந்த வருடமே தமிழும் திரைக்கு வந்துவிட்டது. எட்டாம் சேனலில் சீனத்தோடு இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டது. 2000இல் வசந்தம் சென்ட்ரல் என்ற ஒளிபரப்புப் பகுதி, 2008 அக்டோபரில் முழுச் சேனலாக வசந்தம். அறுபது வருடம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மொழியை அயல்மொழி என்று எழுத எப்படி மனம் வருகிறது? தலைப்பை மாற்றுவதாகச் சொன்னார்கள். மாற்றும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

2 அக்டோபர், புதன்

இன்று முழுக்கக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டு.

சென்னையைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே எட்டு மணிக்கு வரும் சீரியல் இங்கே வரும்போது பத்தரை. ஒன்பது மணி சீரியல் பதினொன்றரை. காலையில் ஐந்தரைக்கு எழுந்து எம்ஆர்டி ரயில் பிடிக்கிறவர்கள் அதுவரை எப்படி விழித்திருப்பார்கள்? அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ ஃபீட் அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மேற்கே இருக்கிறார்கள், பதிவுசெய்து வைத்துக்கொண்டு அவர்கள் ஊர் மாலையில் விட்டால் சரி. கிழக்கே இருக்கிற நமக்கு இரண்டே வழி. ஒன்று, முந்தின நாள் கதையை இன்று போடுவது. ஆனால் அதற்குள் மொத்தக் கதையும் கைப்பேசியில் வந்துவிடும், பழங்கஞ்சி யாருக்கு வேண்டும்? இரண்டாவது வழி, சென்னையில் ஒளிபரப்பாகும் முன்பே எபிசோடை வாங்கி இங்கே போடுவது.

இரண்டாவதைத்தான் கேட்டேன். சென்னைத் தரப்பு இரண்டு தடை சொன்னது. எபிசோடு பல நாள் ஒளிபரப்பாகிற அன்றைக்குத்தான் எடிட்டிங் முடிந்து கைக்கு வருமாம். அதைவிட, சிங்கப்பூரில் முன்கூட்டிப் போட்டால் யாராவது பதிவுசெய்து இணையத்தில் ஏற்றிவிடுவார்கள், சென்னையில் பார்க்க ஆள் இருக்காது என்றார்கள். நியாயமான பயம்தான். படத்தின் மேல் எங்கள் ஃபீடுக்கென்று ஓர் அடையாள எண் ஓடும், எங்கிருந்து கசிந்தது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று விளக்கினேன். பிற்பகல் இரண்டரைக்குள், அதாவது நம் ஐந்து மணிக்குள், கோப்பு வந்தாக வேண்டும் என்றும் எழுத்தில் கேட்டேன். நான்கு மணி நேரம் பேச்சு. முடிந்தபோது என் கோப்பி ஆறிப்போயிருந்தது. ஆனால் ஒப்புக்கொண்டார்கள்.

12 அக்டோபர், சனி

தம்பி கேட்டதால் இன்று அவருக்கு ரெனே அன்செல்மோவைப் பற்றிச் சொன்னேன். இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். 1960களில் அமெரிக்காவில் ஸ்பானிய மொழிக்கென்று ஒரு தொலைக்காட்சி வலையமைப்பைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர். அதுதான் பின்னால் யூனிவிஷன் ஆனது. 1984இல் பான்ஆம்சாட் என்ற தனியார் செயற்கைக்கோள் நிறுவனத்தைத் தொடங்கினார். பல நாட்டு அரசுகள் சேர்ந்து நடத்திய இன்டெல்சாட் கோலோச்சிய காலம் அது. தனியார் ஒருவர் கண்டம்விட்டுக் கண்டம் சிக்னல் அனுப்புவதா என்று கேட்டார்கள். 1988இல் அவருடைய முதல் செயற்கைக்கோள் மேலே போனது. இன்னொரு மொழிக்காரர்களின் மாலை நேரத்துக்காக ஒரு மனிதர் அவ்வளவு தூரம் போராடினார். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தெம்பு வரும்.

18 அக்டோபர், வெள்ளி

ஒத்திகை. ஐந்து மணிக்கு வரவேண்டிய கோப்பு 7.20க்கு வந்தது. தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தவர், பதினான்காவது நிமிடத்தில் கையைத் தூக்கினார். இடதுபக்கம் பேச்சு இருக்கிறது, வலதுபக்கம் வெறும் மௌனம். இடதை இரண்டு பக்கமும் ஏற்றி, விளம்பர இடைவெளிகளை மறுபடி குறித்து, 7.56க்கு வரிசையில் வைத்தோம். ஒத்திகைதானே என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அது பெருமையாக இருந்தது.

28 அக்டோபர், திங்கள்

முதல் நாள். கோப்பு 4.40க்கே வந்துவிட்டது. எல்லாம் சரி. தம்பிதான், "நான் பார்த்துக்கிறேன், நீங்க அம்மாகூட உட்கார்ந்து பாருங்க" என்று என்னை அனுப்பிவைத்தார்.

அங் மோ கியோ வீட்டில் அம்மா ஏழரைக்கே சாப்பாட்டை முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். இத்தனை வருடமும் பத்தரைவரை அதே நாற்காலியில் தூங்கித் தூங்கி விழுந்து, பாதிக் கதையைத்தான் பார்ப்பார். இன்று கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. எட்டரைக்கு எபிசோடு முடிந்ததும் தொலைபேசியை எடுத்துப் பட்டுக்கோட்டையில் இருக்கும் சின்னம்மாவை அழைத்தார். அங்கே அப்போது மணி ஆறு.

"அடியே, அந்தப் பொண்ணு வீட்டைவிட்டுப் போயிட்டாடி!"

மறுமுனையில் சின்னம்மா கத்தியது எனக்கே கேட்டது. அம்மா முதல் காட்சியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் சமையலறைக்குப் போய் இருவருக்கும் தேநீர் போட்டேன்.