மூலத்துக்கு நூலா, கத்தியா என்று கேட்பதற்கு முன்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் சுவரில் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று ஒரு நோட்டீஸ் கண்ணில் படும். குழப்பம் அந்த ஒரு வரியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. மூலமும் பௌத்திரமும் ஒரே நோய் இல்லை, ஒரே வைத்தியமும் இல்லை.

ஆசனவாய்க்கு உள்ளே ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதை எல்லோருக்கும் உண்டு. வருஷக்கணக்கில் முக்கி முக்கி அது வீங்கிச் சரிந்து இறங்கினால் மூலம். சீழ்க்கட்டி உடைந்து, உள்ளிருந்து வெளித்தோல் வரை ஒரு துளை விழுந்து கசிந்துகொண்டே இருந்தால் பௌத்திரம். இவை போக, ஆசனவாய் ஓரம் கீறிக்கொள்ளும் வெடிப்பு ஒன்று இருக்கிறது. வலி இல்லாமல் சிவப்பாக ரத்தம் சொட்டினால் பெரும்பாலும் உள்மூலம். மலம் போகும்போது கண்ணாடியால் கிழித்த மாதிரி வலித்து, அப்புறம் மணிக்கணக்கில் எரிந்தால் வெடிப்பு. ஒரே நாளில் கோலிக்குண்டு போல நீலமாகக் கட்டி கிளம்பி உட்கார முடியாமல் வலித்தால், அது வெளிமூலத்தில் ரத்தம் உறைந்த நிலை. 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் சின்னதாக அறுத்து எடுத்துவிடலாம், வலி உடனே குறையும். அதைத் தாண்டிவிட்டால் கட்டி தானாகக் கரைவதற்குக் காத்திருப்பதுதான் நல்லது.

உள்மூலத்துக்கு நாலு படி சொல்வார்கள். ரத்தம் மட்டும் வந்தால் முதல் படி. முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போனால் இரண்டாவது. விரலால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்றாவது. தள்ளினாலும் போகாது என்றால் நாலாவது. எந்த வைத்தியம் என்பதை இந்தப் படிதான் தீர்மானிக்கிறது. ஆயுர்வேதமா அலோபதியா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

முதல் இரண்டு படியில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுர்வேதத்தில் கட்டும் மருந்து பூசிய நூலும் வேண்டாம், அறுவை சிகிச்சைக் கத்தியும் வேண்டாம். இதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டத்தில்தான் அவசரப்பட்டு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும் டிரெய்லர் டிரைவர்கள் இறங்கிப் போக இடமில்லாமல் அடக்கிக்கொள்கிறார்கள். நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்றிருக்கும் லைன் வீடுகளில் பெண்கள் காலை வரிசைக்குப் பயந்து அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க அடக்க மலத்தில் இருக்கும் தண்ணீரைக் குடல் உறிஞ்சிவிடும், மலம் கல்லாகும், மறுநாள் முக்க வேண்டிவரும். வேகத்தை, அதாவது மலம் வரும் உந்துதலை, அடக்காதே என்று ஆயுர்வேதம் சொல்வதும், வந்த உடனே போ என்று சர்ஜன் சொல்வதும் ஒன்றேதான்.

இரவில் இரண்டு டீஸ்பூன் இசப்கோல் உமியை 250 மி.லி. தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் குடித்துவிட வேண்டும். மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் குறைந்தால் அதே உமி உள்ளே களியாகி அடைத்துக்கொள்ளும். "இசப்கோல் எனக்கு ஒத்துக்கலை" என்பவர்களில் பலர் உமியைச் சாப்பிட்டுத் தண்ணீரை விட்டவர்கள். கக்கூஸில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்காரக் கூடாது. போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

மலம் போன பிறகு வெந்நீரில் உட்காருவது எல்லாக் கட்டத்துக்கும் பொதுவான மருந்து. துணி துவைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டால் போதும். கையை விட்டால் சுகமாக இருக்கிற சூட்டில், இடுப்பு முங்குகிற அளவு தண்ணீர், பத்து முதல் பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. டெட்டால் ஊற்றாதீர்கள், தோல் வறண்டு இன்னும் எரியும். குந்தி உட்காரவும் வேண்டாம். டப்பிலேயே முழுதாக உட்கார வேண்டும், அப்போதுதான் தசை தளரும்.

இனி ஆயுர்வேதம். பழங்கால ஆயுர்வேத அறுவை மருத்துவர் சுஸ்ருதர் மூலத்துக்கு நாலு வழி சொல்கிறார்: மருந்து, காரம் (மூலிகைச் சாம்பலிலிருந்து எடுக்கும், சதையை அரிக்கும் உப்பு), சூடு, ஆயுதம். கத்தி அதில் கடைசி. ஆயுர்வேதம் என்றாலே அறுக்காத வைத்தியம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காரநூல் என்பது மந்திரக் கயிறு இல்லை. கெட்டியான லினன் நூலில் இலைக்கள்ளிப் பாலை 11 தடவை பூசிக் காய வைக்கிறார்கள். அடுத்து கள்ளிப்பாலோடு நாயுருவிச் சாம்பலிலிருந்து காய்ச்சி எடுத்த காரத்தைச் சேர்த்து 7 தடவை. கடைசியில் கள்ளிப்பாலோடு மஞ்சள்தூள் 3 தடவை. மொத்தம் 21 பூச்சு. ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. காரம் சதையை அரிக்கும், மஞ்சள் புண் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள்ளும், கள்ளிப்பால் இரண்டையும் நூலில் ஒட்ட வைக்கும். மூலத்தின் அடியில் ஊசியால் கோத்து இந்த நூலைக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, ஒரு வாரம் பத்து நாளில் சதை கருகி விழும்.

இந்த நூல் உண்மையில் பேர் வாங்கியது பௌத்திரத்தில். அங்கே வாரம் ஒரு தடவை நூலை மாற்ற மாற்ற, துளை மெல்ல அறுந்துகொண்டே பின்னால் ஆறிக்கொண்டும் வரும். மலத்தை அடக்கும் தசைக்குச் சேதம் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் நடத்தி 1991-ல் வெளியிட்ட ஆய்வில், ஆற அதிக நாள் பிடித்தாலும் அறுவையைவிட நோய் திரும்புவது குறைவாக இருந்தது. ஆனால் அது பௌத்திர ஆய்வு. அதைக் காட்டி மூலத்துக்கு நூல் விற்பது சரியில்லை. மூலத்தில் நூல் கட்டினால் முதல் இரண்டு மூன்று நாள் வலி கடுமையாகவே இருக்கும்.

சின்ன உள்மூலத்துக்குக் காரப்பூச்சு இன்னொரு வழி. வழுக்கும் குழாய்க் கருவி ஒன்றை உள்ளே வைத்து, மூலத்தின் மேல் மட்டும் காரத்தைத் தடவி, ஒன்றிரண்டு நிமிஷத்தில் அது பழுத்த நாவல்பழ நிறத்துக்கு வந்ததும் எலுமிச்சைச் சாறால் கழுவுவார்கள். புளிப்பு காரத்தை முறிக்கும். கொஞ்சம் முன்னாலேயே கழுவினால் மூலம் திரும்ப வரும். தாமதித்தாலோ பக்கத்துச் சதையில் வழிந்தாலோ தழும்பு சுருங்கி ஆசனவாய் சுண்டுவிரல்கூடப் போகாத அளவுக்குக் குறுகிவிடும். பயிற்சி இல்லாதவர் ஏதோ ஒன்றை ஊசியில் ஏற்றும்போது நடப்பதும் இதுதான். அதனால் எம்.எஸ். சல்ய தந்திரம் என்ற ஆயுர்வேத அறுவை மருத்துவ மேற்படிப்பு படித்துப் பதிவு செய்த ஆயுர்வேத டாக்டரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

கருணைக்கிழங்கு லேகியம், துத்திக்கீரை, மோர் எல்லாம் மலத்தை இளக்கும், முதல் படியில் நன்றாக உதவும். ஆனால் லேகியத்தில் வெல்லம் சேரும், சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டும். மூன்றாம் படியில் தொங்கும் சதையை எந்த லேகியமும் மேலே இழுக்காது.

நவீன மருத்துவத்தில் இரண்டாம் படிக்கும் சின்ன மூன்றாம் படிக்கும் மூலத்தின் அடியில் ரப்பர் பேண்ட் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மயக்க மருந்து வேண்டாம், ஓபியிலேயே முடிந்துவிடும். வலி உணரும் எல்லைக்கோட்டுக்கு மேலே பேண்ட் விழ வேண்டும், கீழே விழுந்தால் அந்த நிமிஷமே உயிர் போகும் வலி வரும். உடனே சொன்னால் வெட்டி எடுத்துவிடுவார்கள். ஐந்து முதல் பத்து நாளில் சதையோடு பேண்டும் விழும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லியாக வேண்டும்.

நாலாவது படிக்கும், வெளியிலும் உள்ளேயும் சேர்ந்தே இருப்பதற்கும் அறுத்து எடுப்பதுதான் இன்றும் உறுதியான வழி. 1937-ல் மில்லிகன், மோர்கன் என்ற சர்ஜன்கள் எழுதிய முறை இன்னும் நடக்கிறது. கடிகார முள் 3, 7, 11 மணி காட்டும் இடங்களில் சதையை எடுத்து, நடுவே நல்ல தோலைப் பாலமாக விடுவார்கள். பாலம் விடாமல் போனால்தான் ஆசனவாய் குறுகும். புண் ஆற நாலு முதல் ஆறு வாரம், முதல் வாரம் வலி உண்டு. 1998-ல் லாங்கோ என்ற இத்தாலிய சர்ஜன் கொண்டுவந்த, சதையை வெட்டிப் பின் அடித்து இணைக்கும் ஸ்டேப்ளர் முறையில் வலி குறைவு, ஆனால் திரும்ப வருவது அதிகம். 2016-ல் பிரிட்டனில் 777 பேரை வைத்து நடந்த ஆய்வில் இரண்டு வருஷக் கணக்கில் பழைய அறுவையே முன்னால் நின்றது. விளம்பரத்தில் பெரிதாக வரும் லேசரும் இரண்டாம், மூன்றாம் படிக்குத்தான். பெரிய வெளிமூலத்துக்கு அது போதாது.

ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் சர்ஜரி ஓபிக்குப் போனால் முதலில் விரலால், பிறகு குழாய்க் கருவியால் பார்ப்பார்கள். பார்க்காமலே மருந்தோ தேதியோ கொடுப்பவரிடம் திரும்பப் போகாதீர்கள். 45 வயதைத் தாண்டியவர், எடை குறைந்தவர், மலம் போகும் பழக்கம் மாறியவர், கறுப்பாக மலம் போகிறவர் எல்லோரும் மூலம் என்று முடிவு கட்டுவதற்கு முன் பெருங்குடலைக் கேமரா குழாயால் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். நாள்பட்டு ரத்தம் போனவர்கள் ஹீமோகுளோபினையும் பாருங்கள்.

நூலோ, பேண்டோ, கத்தியோ, ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை புண் உரிந்து திடீரென்று ரத்தம் கொட்ட வாய்ப்புண்டு. அந்த வாரம் மூட்டை தூக்குவது, ஊருக்குப் பஸ் ஏறுவது வேண்டாம். சொட்டுச் சொட்டாக வந்தால் படுத்துப் பார்க்கலாம். கட்டி கட்டியாக வந்தாலோ, காய்ச்சலோடு ஒன்றுக்குப் போக முடியாமல் அடைத்தாலோ, விடியும் வரை காத்திருக்காமல் 108-க்குப் போன் செய்து எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.