பெருங்குடல் புண் அழற்சியும் நயாசினும்: மருத்துவரோடு பேசி நான் எடுத்த முடிவுகள்

எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண் அழற்சி, என்று உறுதியான பிறகு, குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமின் மாத்திரையோடு நயாசினும் (பி3 வைட்டமின்) ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளும் சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வி நெடுநாள் என்னை விடவில்லை. எதைச் சேர்த்தேன், எதை விலக்கினேன், அதற்கான காரணங்கள் எவை என்பதை இதே நோயோடு இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

தொடக்கத்தில் மூலம் என்றும், பிறகு அமீபா என்றும் வைத்தியம் நடந்தது. ரத்தமும் சளியும் கலந்து மலம் போவதும், போய் வந்த உடனேயே மறுபடி போக வேண்டும் என்ற உணர்வும் நிற்காததால், குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் கோலனோஸ்கோப்பி செய்தார்கள். மலக்குடலில் தொடங்கி இடப்பக்கப் பெருங்குடல் வரை இடைவெளி இல்லாமல் அழற்சி இருந்தது. திசுப் பரிசோதனையும் அதையே சொன்னது. மெசலமின் மாத்திரை, இரவில் மெசலமின் எனிமா, அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரும் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஆகியவற்றோடு சிகிச்சை ஆரம்பமானது.

நயாசின் பற்றிய பேச்சு வந்ததற்கு என் வாய்தான் காரணம். நோய் கடுமையாக இருந்த காலத்தில் தயிர் சாதம், இட்லி, வாழைப்பழம் தவிர வேறு எதையும் சாப்பிடப் பயந்தேன். உதட்டோரங்கள் வெடித்து, நாக்கு வழுவழுப்பாகச் சிவந்து, காரம் பட்டால் எரிந்தது. மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "குடல் மட்டும் இல்லீங்க, சத்தும் ரொம்பக் குறைஞ்சிருக்கு. பி வைட்டமின், இரும்பு, ஃபோலிக் ஆசிட், வைட்டமின் டி எல்லாத்தையும் பார்த்துடலாம்" என்றார். அதன் பிறகுதான் பி3 எனப்படும் நயாசினைப் பற்றித் தேடிப் படித்தேன்.

நயாசின் குறைந்தால் பெலாக்ரா என்ற நோய் வரும். வெயில் படும் இடங்களில் தோல் கறுத்து உரியும். வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் சேர்ந்துகொள்ளும். 1937-ல் அமெரிக்க ஆய்வாளர் கான்ராட் எல்வேஜம் நாய்களுக்கு வரும் 'கருநாக்கு' நோய் நயாசினின் ஒரு வடிவமான நிகோடினிக் அமிலத்தால் குணமாவதைக் கண்டறிந்த பிறகே பெலாக்ராவுக்கான மருந்து உறுதியானது. நம் குன்னூரில் தொடங்கி, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில்தான், சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட தக்காண மக்களிடம் காணப்பட்ட பெலாக்ராவை சி. கோபாலனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். குடலின் உட்தோல் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசு. அந்த வேலைக்கு வேண்டிய ஆற்றல் நயாசினிலிருந்து உருவாகும் என்ஏடி என்ற துணைப்பொருள் இல்லாமல் கிடைக்காது. ஆகவே நயாசின் குறைவே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரக்கூடும் என்பது விளங்கியது. ஆனால், குறை இருப்பவருக்கு அதை நிரப்புவது ஒன்று. குறை இல்லாதவர் அதை மருந்தாக அள்ளிச் சாப்பிடுவது முற்றிலும் வேறொன்று. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்ட பிறகே மற்றதெல்லாம் எனக்குத் தெளிவாகியது.

ஆய்வுகள் நம்பிக்கை தருவனவாகவே இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. உடல் நயாசினாக மாற்றிக்கொள்ளும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குடல் உறிஞ்ச முடியாத எலிகளுக்கு வரும் கொலைட்டிஸ், டிரிப்டோஃபேனோ, நயாசினின் இன்னொரு வடிவமான நிகோடினமைடோ கொடுத்தபோது தணிந்தது என்று 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து நல்ல பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட்டும் நயாசினும் பெருங்குடலில் செல்களின் மேலுள்ள ஒரே ஏற்பியை (வேதிச் செய்தியை வாங்கும் புரதத்தை) தூண்டி அழற்சியைக் குறைக்கின்றன என்று 2014-ல் இன்னொன்று காட்டியது, அதுவும் எலிகளில்தான். 2017-ல் சீன ஆய்வாளர்கள் நயாசின் கலந்த எனிமாவைக் குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கிடைத்ததாக எழுதினார்கள். நயாசின் சுரக்கச் செய்யும் ப்ராஸ்டாகிளாண்டின் டி2 என்ற பொருளே குடலைத் தணிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அது எனிமாவாக நேரே புண்ணுள்ள இடத்துக்குப் போன மருந்து. வாய்வழி விழுங்கும் மாத்திரை அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது, நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் அன்போடு ஒரு புட்டி நயாசின் அனுப்பி வைத்தார். ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம். உடலுழைப்பு அதிகம் இல்லாத ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய நயாசின் சுமார் 14 மில்லிகிராம்தான். பிரிக்காமல் அப்படியே மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் லேபிளைத் திருப்பி, மூலப்பொருள் வரியில் விரலை வைத்து, "இது நிகோடினிக் ஆசிட். நம்ம ஊர் பி காம்ப்ளக்ஸ்ல பெரும்பாலும் இருக்கறது நிகோடினமைடு. ரெண்டும் பி3தான், ஆனா உடம்புல ஒரே மாதிரி நடந்துக்காது" என்றார்.

நிகோடினிக் அமிலம் பெரிய அளவில் உள்ளே போனால் முகமும் மார்பும் சிவந்து எரியும். அந்தச் சிவப்பை உண்டாக்குவதும் ப்ராஸ்டாகிளாண்டின் டி2தான். நிகோடினமைடுக்கு அந்த விளைவு இல்லை. எனவே 2017 ஆய்வின் விளக்கம் அதற்குப் பொருந்தாது. சிவப்பைத் தடுக்க முன்கூட்டியே ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகள் நம் நோயைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால் அந்த வழி நமக்கு ஆகாது. மேலும், பெரிய அளவு நயாசின் கல்லீரலைப் பாதிக்கலாம். ரத்தச் சர்க்கரையையும் யூரிக் அமிலத்தையும் கூட்டலாம். நான் ஏற்கெனவே சர்க்கரையை ஏற்றும் ஸ்டீராய்டில் இருந்தேன். கொலஸ்டிராலுக்காக 25,000-க்கும் மேற்பட்டோருக்கு நாளொன்றுக்கு 2 கிராம் நயாசின் கொடுத்துப் பார்த்த, 2014-ல் வெளியான பெரிய ஆய்வில், இதயத்துக்குப் பலன் தெரியவில்லை. நீரிழிவும், குடல் தொந்தரவுகளும், ரத்தக்கசிவும் கூடின. சிவப்பைத் தடுக்க லாரோபிப்ரன்ட் என்ற இன்னொரு மருந்தும் அதில் கலந்திருந்ததால் முழுப் பழியையும் நயாசின் மீது போட முடியாது என்பதும் உண்மை. இருந்தாலும், ஏற்கெனவே ரத்தம் கசியும் குடலை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையில் நானாக இறங்க வேண்டிய அவசியம் இல்லை என்று முடிவு செய்தேன். அண்ணனுக்கும் காரணத்தை விளக்கினேன், அவர் புரிந்துகொண்டார்.

எனவே நயாசினை இரண்டு வழிகளில் மட்டும் எடுத்துக்கொண்டேன். முதலாவது, நிகோடினமைடு உள்ள சாதாரண பி காம்ப்ளக்ஸ், மருத்துவர் சொன்ன காலம் வரை. இரண்டாவது, உணவு. பச்சரிசியை விட்டுப் புழுங்கல் அரிசிக்கு மாறினோம்; நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் அது தங்குகிறது. ரத்தம் நின்ற பிறகு தோல் நீக்கி மைய அரைத்த வேர்க்கடலைச் சட்னியும், எண்ணெய் குறைத்த மீன் குழம்பும் தட்டுக்குத் திரும்பின. உதட்டு வெடிப்பு ஆறிவிட்டது. அதை நயாசினின் தனிப் பலன் என்று சொல்ல மாட்டேன். ரிபோஃபிளேவினும் (பி2 வைட்டமின்), ஊசி வழியாக ஏற்றிய இரும்பும் கூடவே உள்ளே போயின. இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கி ரத்தம் போகிறதா என்று பார்க்க முடியாமல் செய்துவிடும், வயிற்றையும் உலுக்கும். எனக்கு ஊசியே நல்லதாக இருந்தது.

ஆன்டிஆக்ஸிடன்ட் விஷயம் இன்னும் சிக்கலானது. அழற்சி உள்ள குடலில் வெள்ளணுக்கள் தீவிரமாக வினைபுரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைக் கொட்டித் திசுவைச் சேதப்படுத்துவது உண்மை. மெசலமினே அவற்றைப் பிடித்து அடக்கும் குணம் உள்ள மருந்துதான். அதற்காக, கடையில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று எழுதிய எல்லாவற்றையும் வாங்கிவிடக் கூடாது. வைட்டமின் சி கிராம் கணக்கில் போனால் அதுவே வயிற்றுப்போக்கைத் தரும். சப்பும் மாத்திரைகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டாலும் அதையே செய்யும். வைட்டமின் ஈ அதிகமானால் ரத்தம் உறைவது தாமதப்படலாம். பீட்டா கரோட்டின் மாத்திரை புகைபிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியதை 1994-ல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு காட்டியது. இவற்றை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு வந்தபோது என் பட்டியலில் மஞ்சளில் உள்ள குர்குமின் மட்டுமே மிஞ்சியது.

ஜப்பானில் 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நோய் தணிந்திருந்தவர்கள் வழக்கமான மருந்தோடு நாளொன்றுக்கு 2 கிராம் குர்குமின் எடுத்தபோது, நோய் திரும்புவது குறைந்தது. மாறாக, டெல்லி எய்ம்ஸில் வெறும் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. 2 கிராம் கிடைக்க அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும். குழம்பில் போடும் மஞ்சள் அந்த வேலையைச் செய்யாது. மிளகுச்சத்து சேர்த்த வகையை மருத்துவர் வேண்டாம் என்றார், ஏனெனில் அது மற்ற மருந்துகள் உடலில் செயல்படும் அளவை மாற்றிவிடும். மஞ்சள்சத்து மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருப்பதால், கல்லீரல் பரிசோதனை செய்துகொண்ட பிறகே தொடங்கினேன்.

எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேர்ப்பது என்ற விதியை நான் கண்டிப்பாகப் பின்பற்றினேன். எத்தனை முறை போனேன், ரத்தம் இருந்ததா, இரவில் எழ வேண்டியிருந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். 'நன்றாக இருக்கிறது' என்ற உணர்வை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்கவில்லை. காலையில் எடுத்த மலத்தைக் கரண்டி வைத்த சிறு டப்பாவில் ஆய்வகத்துக்குக் கொடுத்து, குடல் அழற்சி கூடினால் கூடும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தோம். முதலில் 1,000-ஐத் தாண்டியிருந்தது. எனிமாவும் மாத்திரையும் வேலை செய்யத் தொடங்கிய பிறகு, குர்குமின் சேர்ப்பதற்கு முன்பே 200-க்கு அருகில் வந்திருந்தது. குர்குமினுக்குப் பிறகு 100-க்குக் கீழே இருக்கிறது. இந்தக் கடைசி இறக்கத்தில் மஞ்சளுக்கு எவ்வளவு பங்கு, மெசலமினுக்கு எவ்வளவு பங்கு என்பதை என் ஒருவனுடைய கணக்கிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை.

இப்போது ப்ரெட்னிசலோன் இல்லை. மெசலமின் மாத்திரை தினமும், எனிமா வாரத்தில் சில இரவுகள், குர்குமின் காலையும் இரவும் உணவோடு. பி காம்ப்ளக்ஸை மருத்துவர் நிறுத்திவிட்டார். புழுங்கல் அரிசியும் வேர்க்கடலையும் மீனும் தொடர்கின்றன. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளும் கால்ப்ரொடெக்டினும் அடுத்த சந்திப்புக்கு முன் எடுக்க வேண்டும். மெசலமின் சிறுநீரகத்தை அரிதாகப் பாதிக்கலாம் என்பதால் கிரியேட்டினினையும் அந்தச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.