சார் எப்போது வருவார்?

முதல் வீட்டைக் காட்டிய தரகர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “சார் எப்போது பார்க்க வருவார்?”

நாற்பத்தோரு வயதில், என் சம்பளத்தையும் சேமிப்பையும் நம்பி வீடு பார்க்கக் கிளம்பியவள் நான். “சார் யாரும் இல்லை, வாங்கப்போவது நான்தான்” என்று நிமிர்ந்து சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்ததோ, “அவர் வெளியூரில் இருக்கிறார்.” அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.

அடுத்த நான்கு மாதம் அவரோடு குடும்பம் நடத்தினேன். உள்ளதைச் சொன்னால், உதவியான மனிதர். விலை அதிகம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்குக் கூசும். “அவருக்கு இந்த விலை ஒத்துவரவில்லை” என்று சொல்லக் கூசவில்லை. முன்பணத்தை இன்றே கட்டுங்கள் என்று அவசரப்படுத்தியவர்களை, “பத்திரத்தைப் பார்க்காமல் பணம் தரக் கூடாது என்கிறார்” என்று நிறுத்திவைத்தேன். ஒரு வீட்டில் நானே மூலப்பத்திரம் கேட்டபோது, “அதெல்லாம் உங்களுக்குப் புரியாது” என்றார் விற்பவர். இரண்டு நாள் கழித்து ‘அவர்’ கேட்டதாகச் சொன்னதும் நகல் வந்துவிட்டது. வழக்கறிஞரிடம் காட்டினேன். விற்பவரின் தம்பிக்கும் பங்கு இருந்தது. தம்பியோ கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. தப்பித்தேன். ஆனால் அன்று முழுக்க, இல்லாத ஒரு மனிதர்மீது எனக்குப் பொறாமையாக இருந்தது.

வங்கியில் அவரால் உள்ளே வர முடியவில்லை. விண்ணப்பத்தில் திருமண நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. உண்மையை எழுதினேன். “இணை விண்ணப்பதாரராக அப்பாவையோ அண்ணனையோ சேர்க்கலாமே” என்றார் அதிகாரி. ஒற்றைச் சம்பளம் நின்றால் தவணையும் நிற்கும் என்ற அவருடைய கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்யாணமாகாத ஆணிடமும் இதையே கேட்பீர்களா என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

அமெரிக்காவில் பாலினத்தையும் திருமண நிலையையும் காரணம் காட்டிக் கடன் மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்ததே 1974இல்தான். அதற்கு முன் கணவனின் கையெழுத்தைக் கேட்பது அங்கே சகஜம். இங்கிலாந்தின் பழைய சட்டம் இன்னும் வேடிக்கை: வயது வந்த, மணமாகாத பெண் சொத்து வைத்துக்கொள்ளலாம், கல்யாணம் ஆனால் அதன் பிடி கணவன் கைக்குப் போய்விடும். அதை மாற்றிய சட்டம் 1882இல் வந்தது. அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் என் வெளியூர்க்காரர் வீட்டை விழுங்கியிருப்பார்.

கடன் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் உண்மையில் பயந்தேன். 9 சதவீத வட்டி, 20 ஆண்டு. முதல் தவணையில் நூற்றுக்கு 83 பங்கு வட்டிக்கே போகிறது. தவணையில் பாதிக்கு மேல் அசலுக்குப் போவதற்குப் பதின்மூன்றாம் ஆண்டு ஆகிவிடும். கட்டி முடிக்கும்போது வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கட்டியிருப்பேன். ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் மூன்று ஆண்டுக்கு மேல் குறையும். அதற்காகவே ஒரு அறை குறைந்த வீடாகப் பார்த்தேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எட்டு மாதத் தவணையைத் தனியாக எடுத்துவைத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் சம்பாதிக்க இன்னொருவர் இல்லை.

கடைசியில் பிடித்த வீட்டைக் காலையில் ஒருமுறை, மழையில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு நின்றேன். அண்ணன், “தனி ஆளுக்கு எதற்குச் சொந்த வீடு?” என்றான். தோழி, “உனக்குப் பிடித்தால் வாங்கு” என்றாள். இரண்டுமே உதவவில்லை. பத்திரப் பதிவுக்கு முந்தைய இரவு, “அவர் வேண்டாம் என்கிறார்” என்று தரகருக்குச் செய்தி அனுப்பிவிட்டு ஓடிவிடலாமா என்று இரண்டு மணி வரை விழித்திருந்தேன்.

ஓடவில்லை, வாங்கிவிட்டேன். படுக்கையறை மேற்கே பார்த்தது. மூன்று முறை போனவள் மாலை நான்கு மணிக்குப் போகவில்லை. வெயில் சுவரில் ஏறி இரவு வரை இறங்குவதில்லை. “நீதானே இந்த வீடு போதும் என்றாய்” என்று சண்டை போட ஆள் இல்லாமல், தடித்த திரைச்சீலை வாங்கினேன்.

சாவி வாங்கிய அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் வீட்டைக் காட்டிய அதே தரகர்தான் இதையும் முடித்துக்கொடுத்தார். இரண்டு கொத்துச் சாவிகளை நீட்டினார். மனசு உறுத்தியது. “ஒரு விஷயம்... சார் என்று யாரும் இல்லை” என்றேன்.

“தெரியும் மேடம்” என்றார். “நான்கு மாதத்தில் ஒருமுறைகூடப் போன் செய்து என்னைத் திட்டாத சார் எங்கே இருக்கிறார்?”