“சிசேரியன் செய்தால் மறுபடி இறங்காதா?”

“வயித்தக் கிழிச்சு எடுத்துட்டா மறுபடி அடி இறங்காதா டாக்டர்?” என்று, கருப்பை இறக்கத்தோடு இரண்டாம் முறை கருவுற்றிருந்த அவர் கேட்டார். “வாய்ப்பு குறையலாம், இறங்கவே இறங்காதுன்னு உறுதி சொல்ல முடியாதும்மா” என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப நீங்களே ஒண்ணு சொல்லுங்க” என்றவரிடம், முடிவு அவருடையது என்று நான் சொன்னதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

முதல் பிரசவம் ஆயுதம் போட்டு எடுத்தது. அதன்பின் குடம் தூக்கினாலும் இருமினாலும் கருப்பை வாய் வெளியே தட்டுப்பட, கருப்பையை உள்ளே தாங்கிப் பிடிக்கும் வளையம் பொருத்தியிருந்தோம். இரண்டாவதாகக் கருவுற்றபோது முதல் மூன்று மாதங்கள் பெரும் தொல்லை. 12 வாரங்களுக்குப் பின் கருப்பை பெருத்து இடுப்புக்கூட்டை விட்டு எழும்பும்போது இறக்கமும் தானாக மேலேறுவதுண்டு. அவருக்கும் அப்படியே நடந்ததால் ஐந்தாம் மாதத்தில் வளையத்தை எடுத்துவிட்டோம். குணமாகிவிட்டதாக எண்ணி மகிழ்ந்தவரிடம், பிரசவத்துக்குப் பின் அது திரும்பக்கூடும் என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை.

என் பதில் மருத்துவப்படி சரியானதே. தாங்கும் தசைகள் முதல் பிரசவத்திலேயே நெகிழ்ந்துவிட்டன. கர்ப்பமும் தன் பங்குக்கு அவற்றைத் தளர்த்துகிறது. சிசேரியன் இதற்கு முழுக் காப்பு அல்ல, அடுத்த கர்ப்பத்துக்கும் அதன் தழும்பு ஒரு கவலை. மறுபுறம், இறங்கிய கருப்பை வாய் வலியின்போது வீங்கித் திறக்காமல் நின்றுவிடலாம், கிழியவும் செய்யலாம். இவ்வளவையும் விளக்கிய பிறகே அவர் சுகப்பிரசவத்தைத் தேர்ந்தார்.

ஏழு சென்டிமீட்டர் திறந்தபோது கருப்பை வாயின் முன்விளிம்பு தடித்து, ஊதா நிறத்தில் யோனி வாயிலிலேயே தெரிந்தது. அவரை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, மெக்னீசியம் சல்பேட் கரைசலில் நனைத்த துணியை அதன்மேல் வைத்து, “முக்காதீங்கம்மா, மூச்ச ஊதி ஊதி விடுங்க” என்று செவிலியரும் நானும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். முழுதும் திறக்குமுன் முக்கினால் வீக்கம் கூடும், விளிம்பு கிழியும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் முக்காமல் இருப்பது எத்தனை கடினம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வீக்கம் வடிந்தது, குழந்தை நலமாகப் பிறந்தது, கிழிசலும் இல்லை.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதித்தபோது இறக்கம் முன்பைவிடச் சற்றுக் கூடியிருந்தது. “ஆபரேஷன் பண்ணியிருந்தா இப்படி ஆயிருக்காதோ?” என்று கேட்டார். அப்போதும் ஆகியிருக்கலாம் என்றேன். அது உண்மை, ஆனாலும் அந்த உண்மை அவருக்கு ஆறுதலாக இருந்ததைவிட எனக்குக் கேடயமாக இருந்ததோ என்ற எண்ணம் போகவில்லை. மீண்டும் வளையம், இடுப்புத்தளப் பயிற்சி, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது, இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவான பின் அறுவை சிகிச்சை என்பதைத் தவிர, கொடுப்பதற்கு என்னிடம் வேறெதுவும் இல்லை.

“நீங்களே சொல்லுங்க” என்று ஒருவர் கேட்கும்போது, எது மேல் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிட வேண்டும் என்று அதன்பின் நினைத்துக்கொண்டேன். ஆனால் நம் வார்டுகளில் டாக்டரின் கருத்து கருத்தாக நிற்பதில்லை, உத்தரவாகிவிடுகிறது. அண்மையில் இதே நிலையில் வந்த வேறொரு பெண்ணிடம், நார்மலுக்கே முயலலாம் என்று எனக்குத் தோன்றுவதாகச் சொன்னேன். அவர் வாய் திறக்குமுன்பே அவருடைய மாமியார், “டாக்டரம்மா சொன்னா சரிதான்” என்று சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.