கனவுத் தரை ஒருவழியாக வழிக்கு வந்தது

நான் செய்துகொண்டிருக்கும் கனவு விளையாட்டின் தரை இப்போதும் நெளிகிறது. ஆனால் நான் சொன்ன அளவுக்கு மட்டும். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நாள் இந்தப் பக்கமே வராமல் இருந்தேன்.

1998இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்த ஒசாமு சாட்டோவின் 'எல்எஸ்டி: ட்ரீம் எமுலேட்டர்' என்ற பிளேஸ்டேஷன் விளையாட்டை ஆடியவர்களுக்கு நான் எதைப் பிடிக்கப் பார்க்கிறேன் என்று விளக்க வேண்டாம். சண்டை கிடையாது, இலக்கு கிடையாது. எதன்மீதாவது மோதினால் வேறோர் இடத்தில் போய் விழுவோம். அதிகம் போனால் பத்து நிமிடம், அப்புறம் விழிப்பு. என் கனவு நடையிலும் அதே விதிதான். மோதல், இடமாற்றம் எல்லாம் கோடோ என்ற கேம் எஞ்சினில் ஒரு சாயங்கால வேலை. உயிரை வாங்கியது ஷேடர், அதாவது படத்தை எப்படி வரைவது என்று கிராபிக்ஸ் சிப்பான ஜிபியுவுக்குச் சொல்லும் சிறு நிரல். பழைய பிளேஸ்டேஷன் தோற்றத்தை அதில்தான் கொண்டுவர வேண்டும்.

வெர்டெக்ஸ் ஸ்நாப் (பாலிகன் முனைகளைத் திரைக் கட்டத்தில் ஒட்டவைப்பது) எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஸ்நாப் கட்டமும் சப்வியூபோர்ட்டும் (படம் முதலில் வரையப்படும் சிறிய திரை) ஒரே அளவாக, 320க்கு 240ஆக, இருக்கட்டும். வீடியோ பாடங்களில் கட்டத்தின் ஒவ்வொரு கண்ணையும் இன்னும் பெரிதாக்கி உலுக்கி எடுக்கிறார்கள். அசல் பிளேஸ்டேஷன் அப்படி ஆடவே ஆடாது. முனைகளை முழு பிக்சலுக்கு வெட்டியது, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நம் ஆட்களின் கைங்கரியம்.

விஷயம் அஃபைனில், அதாவது தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் டெக்ஸ்சரை (மேற்பரப்புப் படத்தை) ஒட்டும் முறையில், இருக்கிறது. பிளேஸ்டேஷன் ஜிபியுவின் கைக்கு வருவது இரு பரிமாணப் புள்ளிகள் மட்டுமே, ஆழம் என்ற பேச்சே இல்லை. அதனால்தான் டெக்ஸ்சர் மூலைவிட்டத்தில் உடைந்து கோணிக்கொள்ளும். கோடோ ஷேடரில் நோபெர்ஸ்பெக்டிவ் (தூரத் திருத்தத்தை அணைக்கும் சொல்) இல்லாததால், முனைகளைக் கணக்கிடும் வெர்டெக்ஸ் பகுதியில் யூவியை (டெக்ஸ்சரில் இடம் காட்டும் எண்களை) டபிள்யூவால் (கேமராவிலிருந்து உள்ள ஆழத்தால்) பெருக்கி, பிக்சல்களுக்கு நிறம் போடும் ஃபிராக்மெண்டில் திரும்ப வகுக்கும் பழைய வித்தையைத்தான் எல்லாரும் போடுகிறோம். சுவர், நாற்காலி, ஆகாயத்தில் நீந்தும் மீன் எல்லாம் முதல் தடவையே அழகாக வந்தன. நடக்க ஆரம்பித்ததும்தான் வினை. காலடித் தரை, கரண்டி விட்டுக் கலக்கிய பாயசம் மாதிரி சுழன்றது.

காரணம் எளிது. நாம் நிற்கும் பலகையின் சில முனைகள் கேமராவுக்குப் பின்னால் இருக்கின்றன. அங்கே டபிள்யூ எதிர்மறை. நியர் பிளேனில் (கேமராவுக்கு வெகு அருகே வரைதல் தொடங்கும் எல்லையில்) முக்கோணம் வெட்டுப்படும் இடத்தில் கிட்டத்தட்ட பூஜ்யத்தால் வகுக்கிறோம், யூவி எங்கோ பறக்கிறது. பெருக்கும் டபிள்யூவை மட்டும் ஒரு சிறிய நேர் எண்ணுக்குக் கீழே போகவிடாமல் பிடித்து வைத்தேன் (பொசிஷனைத் தொடக் கூடாது). சுழல் நின்றது. ஆனால் 20 மீட்டர் பலகை ஒரே துண்டாக இருக்கும்வரை அது மடங்கி மடங்கித்தான் தெரியும். அந்தக் காலத்து ஆட்கள் கேமராவுக்குப் பக்கத்தில் வரும் பாலிகன்களைத் துண்டு போட்டார்கள். அதையே நானும் செய்தேன்.

1 மீட்டர் ஓடு போட்டால் தரை படு யோக்கியமாகிவிடுகிறது, அலுப்பு. 4 மீட்டரில் தலை சுற்றுகிறது. 2 மீட்டரில் நின்று மெதுவாகத் திரும்பும்போது ஓரக்கண்ணில் மட்டும் தரை நழுவுகிறது. நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. அதுதான், அதேதான்! இதைப் பார்த்த பிறகு ஓட்டின் அளவையே கனவின் ஆழத்தோடு கட்டிவிட்டேன். ஒவ்வொரு மோதலுக்கும் அடுத்த இடத்தின் தரை கொஞ்சம் பெரிய துண்டுகளாக வரும். வண்ண ஃபில்டரும் மங்கல் எஃபெக்ட்டும் சேர்த்து வராத கிறக்கம் இதில் வருகிறது என்று அடித்துச் சொல்வேன்.

டிதரிங் (நிறப் படிகள் தெரியாமல் புள்ளி தூவுவது) வழக்கமான 4க்கு 4 அணிதான், நிறத்துக்கு 32 படி. பெரிதாக்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். திரை உயரம் 1080ஐ 240ஆல் வகுத்தால் 4.5 வருகிறது, அதில் புள்ளிகள் கோணல்மாணலாகிக் கோடு விழும். நான்கு மடங்கோடு நிறுத்திவிட்டு, சுற்றிலும் கருப்பை விட்டுவிட்டேன்.

நியாயமாக இதையெல்லாம் குழாய் டிவியில்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுப் பரணில் அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி கிடக்கிறது, இன்னும் படம் வருகிறது. ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் ஏவி வெளியீடு இருக்கிறது, ஆனால் கான்ஃபிக் கோப்பில் நாமாக ஆன் செய்ய வேண்டும். 3.5 மில்லிமீட்டர் ஏவி கேபிள் வாங்குபவர்கள் கவனம்: பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், சிலவற்றில் கிரவுண்டும் வீடியோவும் இடம் மாறியிருக்கும். கடைக்காரரைக் கேட்டால் "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்பார். மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய் விடுவது உத்தமம்.

படிக்கட்டுக்கு இன்னும் இந்த ஓட்டுக் கணக்கைப் போடவில்லை, அங்கே பழைய சுழல் அப்படியே இருக்கிறது. அதற்குள் கை வேறெங்கோ ஓடிவிட்டது. பிளேஸ்டேஷனில் இசட்-பஃபர் (ஒவ்வொரு பிக்சலின் ஆழத்தையும் நினைவில் வைக்கும் இடம்) இல்லை, பாலிகன்களைச் சராசரி ஆழத்தை வைத்து வரிசைப்படுத்தித்தான் வரைந்தது. அந்த ஆழத்தை ஒப்பிடும் டெப்த் டெஸ்ட்டை அணைத்துவிட்டு அந்த வரிசையை நானே சிபியுவில் போட்டுப் பார்க்கிறேன். இப்போதைக்கு மீன் சுவருக்குப் பின்னால் போக மாட்டேன் என்கிறது.