பெரியவருக்கு ஒரு கணக்கு, மச்சானுக்கு ஒரு கணக்கு

பகடை உருட்டிக் காய் நகர்த்தி இருவர் ஆடும் பேக்கேமனை ஆடத் தொடங்கி நாலு வருடம் ஆகிறது. காய் நகர்த்துவதில் ஓரளவு தேறிவிட்டேன். ஆட்டத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கும் கியூபில்தான் இன்னும் அடி வாங்குகிறேன். அதனால் மார்ச் முதல் ஜூன் வரை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனித்து நோட்டில் எழுதி வந்தேன். எதிரில் உட்கார்ந்திருப்பவர் என்னைவிடத் தேர்ந்தவர் என்றாலோ, என்னைவிடக் குறைந்தவர் என்றாலோ, டபுள் வைப்பதையும் எடுப்பதையும் எவ்வளவு மாற்றிக்கொள்ள வேண்டும்?

இதற்கு எனக்கு வசதியாக இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் வேலை செய்வது ஷார்ஜாவில். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு லெபனான்காரப் பெரியவர் இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே தவ்லா, அதாவது அவர்கள் ஊர் பேக்கேமன், ஆடுபவர். 6-5 விழுந்தால் இன்றும் 'ஷேஷ் பேஷ்' என்று கூவித்தான் காயைத் தொடுவார். அவர் ஊரில் ஆடும் தவ்லாவில் கியூப் கிடையாது. அதைப் பின்னாளில் கற்றுக்கொண்டாராம். இன்னொருவன் திருநெல்வேலியில் இருக்கும் என் மனைவியின் தம்பி. தாயம் ஆடி வளர்ந்தவன். வெள்ளிக்கிழமை இரவில் போனில் ஆடுவோம். பெரியவரிடம் நான் குட்டி, மச்சானிடம் நான் வாத்தியார்.

கியூப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அதன் ஆறு பக்கங்களிலும் 2, 4, 8, 16, 32, 64 என்று இருக்கும். என் முறை வரும்போது, பகடை உருட்டும் முன் டபுள் கேட்கலாம். எதிராளி பாஸ் சொன்னால் அப்போதைய புள்ளி எனக்கு. டேக் சொன்னால் ஆட்டத்தின் மதிப்பு இரட்டிப்பாகும், அடுத்த டபுளைக் கேட்கும் உரிமையும் அவருக்கே போகும். தோற்பவர் ஒரு காயைக்கூட வெளியே எடுக்கவில்லை என்றால் அது கேமன், அதற்கு இன்னொரு மடங்கு. காசுக்கு ஆடும்போது நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால் எடுக்கலாம் என்பது பாலபாடம். நாலு ஆட்டமும் பாஸ் சொன்னால் 4 புள்ளி நட்டம். நாலையும் எடுத்து ஒன்றில் ஜெயித்தாலும் ஆறு போய் இரண்டு வரும், அதே 4. குறிப்பிட்ட புள்ளி வரை ஆடும் மேட்சில் இந்த 25 விழுக்காடு ஸ்கோருக்கு ஏற்ப மாறும். எதிராளியின் திறமைக்கு ஏற்பவும் மாறுமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் திறமை என்பது எண்ணில் எவ்வளவு என்று பார்த்தேன். 1992 முதல் இருக்கும் ஃபிப்ஸ் என்ற இணைய பேக்கேமன் சர்வரின் ரேட்டிங் சூத்திரம் இதற்குக் கைகொடுத்தது. ரேட்டிங் வித்தியாசத்தை மேட்ச் நீளத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி வெற்றி வாய்ப்பைச் சொல்கிறது. எங்களுக்குள் 200 புள்ளி வித்தியாசம் என்று உத்தேசமாக வைத்துக்கொண்டேன். 1 புள்ளி மேட்சில் தேர்ந்தவருக்கு 55.7 விழுக்காடு, 5 புள்ளியில் 62.6, 9 புள்ளியில் 66.6, 25 புள்ளியில் 76. மேட்ச் நீள நீளத் தேர்ந்தவர் கை ஓங்குகிறது. டபுள் வைப்பது மேட்சின் நீளத்தை வெட்டுகிற வேலை. ஆகவே குறைந்தவன் வெட்டப் பார்க்க வேண்டும், தேர்ந்தவன் இழுக்கப் பார்க்க வேண்டும். சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை அப்படியே பிடித்துக்கொண்டு ஆடியதில்தான் எனக்கு வினை வந்தது. அது கடைசியில்.

முதல் பாடம் மச்சானிடம். 5 புள்ளி மேட்ச், நான் 3, அவன் 1. அதாவது எனக்கு 2 பாக்கி, அவனுக்கு 4 பாக்கி. ஆட்டத்தில் எனக்கு முக்கால் பங்கு வாய்ப்பு இருந்தது. காசு ஆட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டபுள் வைக்கும் இடம். வைத்தேன். எடுத்தான். தன் அடுத்த உருட்டலுக்கு முன் கியூபை 4-க்குத் திருப்பி வைத்தான்! கணக்குப் போட்டுச் செய்தானா என்று கேட்டேன். "அத்தான், நீங்க வச்சீங்க, நானும் வச்சேன்" என்றான். அவன் அறியாமல் செய்தது முழுக்கச் சரி. 2-இல் கியூப் இருக்கும்போதே நான் ஜெயித்தால் மேட்ச் எனக்கு. 4 ஆக்குவதால் அவனுக்குக் கூடுதலாக இழக்க ஒன்றுமில்லை. ஜெயித்தால் ஒரே தாவலில் 5.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எந்த ஸ்கோரில் மேட்சை வெல்ல எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும், சமமான இருவருக்கான அட்டவணைப்படி, 1 பாக்கி வைத்திருப்பவர் 4 பாக்கிக்காரரை வெல்ல சுமார் 83 விழுக்காடு, 2 பாக்கிக்கு எதிராக 3 பாக்கி என்றால் 60. நான் கியூபைத் தொடாமலே ஆடியிருந்தால் முக்கால் பங்கில் 83, கால் பங்கில் 60. சேர்த்தால் 77 சொச்சம். கேமன் விழுந்தால் மேட்சே முடியும், அது தனி. டபுள் வைத்ததால் எல்லாம் அந்த ஒரு ஆட்டத்தில் வந்து நின்றது: 75. சமமானவர்களுக்கே அது நட்டம். நானோ தேர்ந்தவன், மீதி ஆட்டங்களில் எனக்கு இன்னும் கூடுதல் பங்கு உண்டு. அதையும் சேர்த்து அவன் கையில் கொடுத்துவிட்டேன். அவன் பக்கம் பார்த்தால், பாஸ் சொன்னால் 17 விழுக்காடுதான், என்னிடம் அதுவும் தேறாது. 20 இருந்தாலே எடுக்கலாம். எடுத்தான், ஜெயித்தான், அக்காவிடம் போன் போட்டுச் சொன்னான்.

அதே ஸ்கோர் பெரியவரிடம் தலைகீழாக வரும்போது என்ன செய்வது என்று அன்றே புரிந்தது. அவருக்கு 2 பாக்கி, எனக்கு 4 பாக்கி என்றால் நான் சீக்கிரமே டபுள் வைக்கிறேன். அவர் கையில் போகும் கியூப் செத்த கியூப். 2 புள்ளியே போதும் என்பவருக்கு 4 எதற்கு? எனக்கோ ஒரு கேமன் கிடைத்தால் மேட்சே வந்துவிடும். அவர் பெரும்பாலும் எடுப்பார், எடுப்பதுதான் சரியும்கூட. பாஸ் சொன்னால் அவருக்கு 60. எடுத்துச் சாதாரணமாகத் தோற்றாலும் 50, ஜெயித்தால் 100. "சீக்கிரம் வீட்டுக்குப் போகப் பார்க்கிறாய்" என்று ஒருமுறை சிரித்தார். ஆமாம், அதுதான் திட்டம்.

நோட்டில் அதிகப் பக்கம் பிடித்த ஸ்கோர் இருவருக்கும் 2 பாக்கி. இங்கே டபுள் விழுந்து எடுத்துவிட்டால் அந்த ஆட்டமே மேட்ச். பாஸ் சொன்னால் எதிராளிக்கு 1 பாக்கி, நமக்கு 2 பாக்கி, அடுத்தது கிராஃபோர்டு ஆட்டம். ஜான் கிராஃபோர்டு பெயரில் வழங்கும் விதி அது: ஒருவர் முதல்முறை ஒரு புள்ளி குறைவில் வந்து நிற்கும் ஆட்டத்தில் மட்டும் கியூபைத் தொடக் கூடாது. அங்கிருந்து நான் மேட்ச் ஜெயிக்க, அந்த ஆட்டத்தைக் கேமனில் ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் சாதாரணமாக ஜெயித்து அடுத்ததையும் ஜெயிக்க வேண்டும். வெற்றிகளில் நாலில் ஒன்று கேமன் என்று வைத்துக்கொண்டால், சம திறமைக்காரருக்கு 31 விழுக்காடு வருகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் 55 விழுக்காடு ஜெயிப்பவருக்கு 36. 45 ஜெயிப்பவருக்கு 26.

ஆகவே ஒரே பலகை, ஒரே காய்கள், ஒரே ஸ்கோர். மச்சான் டபுள் கேட்டால் எனக்கு 36 வேண்டும். பெரியவர் கேட்டால் 26 போதும். பாஸ் சொன்ன பிறகு கையில் மிஞ்சுவது ஆளுக்கு ஆள் வேறு என்பதை நான் இத்தனை நாள் யோசித்ததே இல்லை.

ஏப்ரலில் மச்சானிடம் சொல்லி வைத்தாற்போல் இப்படி ஒன்று வந்தது. சுத்தமான ரேஸ், யார் முதலில் காய்களை வெளியே எடுப்பது என்ற ஓட்டம் மட்டும். அவனுக்கு மிச்சம் 100 பிப் (காய்கள் எல்லாம் வெளியேற நகர வேண்டிய மொத்த இடங்கள்), எனக்கு 105, உருட்ட வேண்டியது அவன். எனக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. டபுள் வைத்தான். ஒருவரையொருவர் தாண்டிய பிறகு பகடைதான் ஆடுகிறது, வாத்தியார் பட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. 33 என்பது 36-ஐவிடக் குறைவு, பாஸ் சொன்னேன். குனு பேக்கேமன் என்ற கணினி நிரலில் போட்டுப் பார்த்தால் அது தவறான பாஸ் என்று குறி போட்டது. இருவரையும் சமமாக வைத்துத்தான் அது பார்க்கும். அந்தக் குறியை அழிக்காமல் பக்கத்தில் 'தெரிந்தே செய்தது' என்று எழுதி வைத்தேன். கிராஃபோர்டு ஆட்டத்தில் மச்சானுக்குத் தொடர்ந்து மூன்று இரட்டை விழுந்தது, அது வேறு கதை.

இதையே எல்லா இடத்துக்கும் நீட்டக் கூடாது. காய்கள் இன்னும் மோதிக்கொண்டிருக்கும் நிலை என்றால் என் 30 விழுக்காடு உண்மையில் 30 இல்லை. அவனுடைய 5-ஆம் பாயிண்டில் (பலகையில் அவன் வீட்டுப் பகுதியின் ஐந்தாம் இடம்) இரண்டு காய்களோடு நான் உட்கார்ந்திருக்க, அவன் தன் காய்களை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால், எங்காவது நான் அடிக்கும்படி ஒற்றைக் காயை விட்டுவைப்பான். அங்கே தாராளமாக எடுக்கிறேன். நிரல் சொல்லும் எண்ணோடு அவன் செய்யப்போகும் இரண்டு பிழைகளையும் கூட்டிக்கொள்கிறேன். அவனிடம் டபுள் வைக்கும்போது இன்னொரு சங்கதி: எதை வைத்தாலும் எடுப்பான். "டபுள் வந்தா எடுக்காம எப்படி அத்தான்?" ஆகவே ஒரு சுற்று பொறுத்து, பாஸ் சொல்லியே ஆக வேண்டிய நிலைக்கு வந்த பிறகு வைத்தால் நல்ல அறுவடை.

பெரியவர் இதற்கு நேர் எதிர். என்னிடம் தேவைக்கு மேல் பாஸ் சொல்கிறார். ஒருமுறை அவர் 4, நான் 3, கிராஃபோர்டு ஆட்டம் முடிந்துவிட்டது. எனக்கு 3-1 விழுந்து 5-ஆம் பாயிண்டைப் பிடித்தேன். அவர் உருட்டியதும் உடனே டபுள். யோசிக்காமல் பாஸ். அந்தப் பாஸ் இலவசம், ஏனென்றால் கியூப் 2-இல் இந்த ஆட்டத்தை எடுத்தாலும் எனக்கு ஒரு வெற்றி போதும், 4-4 ஆன பிறகும் ஒரு வெற்றி போதும். புது ஆட்டத்தில் அவருக்கு 55. சரியாகத்தான் செய்தார். ஆனால் மேட்சின் தொடக்கத்தில், 0-0-இல், நடுத்தரமான டபுளுக்கும் அவர் பாஸ் சொல்வதை ஆறு முறை குறித்திருக்கிறேன். நீண்ட மேட்ச் தனக்கு நல்லது என்பதை அளவுக்கு மீறி நம்புகிறார். அந்த ஆறு புள்ளிகளை நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது வினைக்கு வருகிறேன். பெரியவரிடம் 24 மேட்சில் 8, மச்சானிடம் 30-இல் 19 ஜெயித்திருக்கிறேன். சூத்திரம் சொன்ன 37-க்கும் 63-க்கும் பக்கம்தான், ஆனால் இவ்வளவு குறைந்த மேட்சுகளை வைத்து ஒன்றும் சாதிக்க முடியாது. நோட்டில் இருந்த வேறொன்றுதான் உறுத்தியது. 'திறமை வித்தியாசத்துக்காக' என்று எழுதி, நிரல் சொன்னதற்கு மாறாக நான் எடுத்த முடிவுகள் 11. அவற்றில் அந்தக் காரணம் தாங்கக்கூடியவை மூன்றுதான். மற்ற எட்டும் சாதாரணத் தப்பு. பெரியவருக்கு எதிராக 15 விழுக்காடு நிலையில் டேக் சொன்னது, மச்சானிடம் தெளிவான டபுளை 'இழுத்து ஆடலாம்' என்று வைக்காமல் விட்டது, இப்படி. இருவருக்கும் 2 பாக்கி என்ற ஸ்கோரில் சூத்திரப்படி தேர்ந்தவருக்கு 58. கியூப் திரும்பி ஒரே ஆட்டமாகச் சுருங்கினால் 55.7. மேட்சைச் சுருக்குவதால் போவது இரண்டு விழுக்காடு சொச்சம்தான். அந்த இரண்டைக் காப்பாற்றப் போய் ஒரே முடிவில் பத்தைத் தொலைத்திருக்கிறேன்.

ஜூலையிலிருந்து முறையை மாற்றியிருக்கிறேன். முதலில் சமமானவர் என்றே நினைத்து எண்ணைச் சொல்லிக்கொள்கிறேன். அந்த எண் எல்லையிலிருந்து ஐந்துக்குள் இருந்தால் மட்டும் எதிரில் யார் என்று நிமிர்ந்து பார்க்கிறேன். மச்சான் இதற்குள் அட்டவணையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறான். போன வெள்ளிக்கிழமை டபுள் வைத்தேன், இரண்டு நிமிடம் சத்தமே இல்லை. "இருங்க அத்தான், எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றான். பாஸ் சொன்னான்.