விதியை எதிர்ப்பதற்கு முன் தாய்ச் சட்டத்தைப் படியுங்கள்

டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்), செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்), ரிசர்வ் வங்கி, மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்று ஏதாவது ஒன்று போட்ட விதியால் அடிபட்டவர்கள் வக்கீலிடம் முதலில் கேட்பது, "இது அநியாயமா இல்லையா, சார்?" என்பதைத்தான். நீதிபதி கேட்கும் முதல் கேள்வி வேறு: இந்த விதியைப் போட இவர்களுக்கு அதிகாரம் கொடுத்த சட்டப் பிரிவு எது? அந்தப் பிரிவு இருக்கும் சட்டமே தாய்ச் சட்டம். இந்தக் கேள்விக்கு மனுவில் பதில் இல்லாமல் அநியாயத்தைப் பற்றி முப்பது பக்கம் எழுதினாலும் பயன் குறைவு. ஆணையங்களின் அதிகாரத்துக்கு நம் நீதிமன்றங்கள் போட்ட கோடு எங்கே இருக்கிறது என்பதை நன்றாகக் காட்டுவது, பலருக்கும் நினைவிருக்கும் ஒரு வழக்கு: கால் டிராப்.

2015 அக்டோபர் 16 அன்று டிராய் ஒரு திருத்த விதிமுறையை அறிவித்தது. பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பு அறுந்தால், அழைத்தவர் கணக்கில் செல்போன் நிறுவனம் 1 ரூபாய் வரவு வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 3 அழைப்புகளுக்கு. 4 மணி நேரத்துக்குள் எஸ்எம்எஸ் மூலம் தகவல் சொல்ல வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் அடுத்த பில்லில் கழிக்க வேண்டும். 2016 ஜனவரி 1 முதல் அமல். மக்கள் வரவேற்ற விதி இது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2016 பிப்ரவரியில் இதைச் செல்லும் என்றது. ஆனால் அதே ஆண்டு மே 11 அன்று, செல்லுலார் ஆபரேட்டர்ஸ் அசோசியேஷன் வழக்கில் நீதிபதிகள் குரியன் ஜோசப், ரோஹின்டன் நாரிமன் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இதை ரத்து செய்தது.

ஏன்? டிராய் சட்டத்தின் 36-வது பிரிவு, சட்டத்துக்கும் அதன் கீழ் மத்திய அரசு போட்ட விதிகளுக்கும் "இசைவாக", சட்டத்தின் நோக்கங்களை நிறைவேற்ற விதிமுறை வகுக்கலாம் என்கிறது. சட்டத்தின் பொதுவான நோக்கத்துக்கு உதவுகிறது என்பது மட்டும் போதாது. ஏதாவது ஒரு குறிப்பான பிரிவோடு விதி பொருந்தி நிற்க வேண்டும். டிராய் கையைக் காட்டியது 11-வது பிரிவை: உரிம நிபந்தனைகள் பின்பற்றப்படுவதை உறுதி செய்வது, சேவைத் தரத்தை வகுப்பது. சேவைத் தரத்தை டிராய் 2009-லேயே வகுத்திருந்தது. அதன்படி ஒரு நெட்வொர்க்கில் 2 சதவீதம் வரை அழைப்பு அறுவது அனுமதிக்கப்பட்ட அளவு. அதாவது டிராயே போட்ட தரத்தை முழுமையாக நிறைவேற்றிய நிறுவனமும், அறுந்த ஒவ்வோர் அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டும். இரண்டு விதிகளும் ஒன்றோடொன்று முட்டின.

அடுத்த அடி டிராயின் சொந்தக் காகிதத்திலிருந்தே விழுந்தது. விதிமுறை வந்து ஒரு மாதத்துக்குள் அது வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கையில், 36.9 சதவீத கால் டிராப்களுக்கு வாடிக்கையாளர் பக்கத்துக் காரணங்களே காரணம் என்று இருந்தது. விதியோ நூற்றுக்கு நூறு தவறும் நிறுவனத்துடையது என்ற அடிப்படையில் நின்றது. 3 அழைப்பு என்று வரம்பு வைத்ததால் இந்தக் குறை தீரவில்லை. காரணமில்லாத விதி தன்னிச்சையானது, அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவை மீறுகிறது என்றது நீதிமன்றம்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. டிராய் சட்டத்தின் 11(4) பிரிவு, அதிகாரத்தை வெளிப்படைத்தன்மையோடு பயன்படுத்த வேண்டும் என்கிறது. டிராய் கலந்தாலோசனைத் தாள் வெளியிட்டது, கருத்துகளை வாங்கியது, விளக்கக் குறிப்பாணையும் இணைத்தது. ஆனால் நிறுவனங்கள் எழுப்பிய ஆட்சேபங்களுக்குக் காரணம் சொல்லிப் பதில் தரவில்லை. கருத்துக் கேட்டால் மட்டும் போதாது, கேட்டதை எடைபோட்டதற்கான அடையாளம் காகிதத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் 1946-ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டம் போல, எல்லாச் சார்நிலைச் சட்டங்களுக்கும் (ஒரு சட்டத்தின் கீழ் போடப்படும் விதிகளுக்கும்) வெளிப்படையான ஒரு நடைமுறையை நாடாளுமன்றம் வகுக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு கேட்டுக்கொண்டது. அப்படி ஒரு பொதுச் சட்டம் இன்றுவரை வரவில்லை. இது பெரிய குறை. தாய்ச் சட்டத்தில் 11(4) போன்ற வாசகம் இருந்தால் பிழைக்கலாம். இல்லாவிட்டால், விதி வகுப்பது சட்டமியற்றும் வேலை, அதற்கு யாரையும் அழைத்துக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பால் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு வர வேண்டிய ஒரு ரூபாய் வரவில்லை. இருந்தும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். நல்ல விதிக்காக வரம்பைத் தளர்த்தினால், அடுத்த முறை மோசமான விதியும் அதே கதவு வழியாக வரும்.

இனி நடைமுறைக்கு வருவோம். முதல் வேலை, கையில் இருக்கும் காகிதம் என்ன வகை என்று பிரிப்பது. அரசிதழில் வெளியான விதிமுறையா, வெறும் சுற்றறிக்கையா, ஒரு குறிப்பிட்ட நபருக்கோ நிறுவனத்துக்கோ போட்ட உத்தரவா? போக வேண்டிய இடம் இதை வைத்தே மாறும். வழக்குகள் அதிகம் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். மாநில ஆணையம் போடும் கட்டண உத்தரவை எதிர்க்க, மின்சாரச் சட்டம் 111-வது பிரிவின் கீழ் டெல்லியில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். கெடு 45 நாள். அதே ஆணையம் வகுத்த விதிமுறையே செல்லாது என்று சொல்ல வேண்டுமானால் அந்தத் தீர்ப்பாயத்தில் முடியாது. 2010-ல் பிடிசி இந்தியா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாக்கியது: தீர்ப்பாயம் விதிமுறைக்குப் பொருள் சொல்லலாம், அதன் செல்லுபடியைத் தொட முடியாது. அதற்கு உயர் நீதிமன்றம்தான். 2013 டிசம்பரில் பிஎஸ்என்எல் வழக்கில் டெலிகாம் தீர்ப்பாயத்துக்கும் இதே நிலை என்றானது. செபி விஷயத்தில் இன்னொரு வளைவு உண்டு. 2017-ல் என்எஸ்டிஎல் வழக்கில், செபியின் நிர்வாகச் சுற்றறிக்கையை எதிர்த்துப் பங்குச் சந்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, விசாரித்துத் தீர்மானிக்கும் தன்மையுள்ள உத்தரவுகளுக்கு மட்டுமே அந்த வழி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதில் நடக்கும் கோளாறு ஒன்று. விதிமுறையின் அடிப்படையில் ஒரு உத்தரவு வருகிறது. கட்சிக்காரர் உத்தரவை மட்டும் எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போய் வருடக்கணக்கில் வாதாடுகிறார். கடைசியில் "விதிமுறை இப்படித்தான் சொல்கிறது, எங்களால் அதைத் தாண்ட முடியாது" என்று பதில் வருகிறது. விதியே பிரச்சினை என்றால் தொடக்கத்திலேயே உயர் நீதிமன்றம் போய், விதி, உத்தரவு இரண்டையும் சேர்த்து எதிர்க்க வேண்டும். மேல்முறையீட்டு வழி இருக்கும்போது ரிட் (உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) ஏன் என்று கேட்டால், விதியின் செல்லுபடியைத் தீர்ப்பாயத்தால் பார்க்க முடியாது என்பதே போதுமான பதில்.

கோரிக்கைப் பத்தியையும் கவனியுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் விதிமுறையை எதிர்க்கும்போது அது செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் டிக்ளரேஷன் ரிட் போடுவது வழக்கம். உத்தரவுக்கோ சுற்றறிக்கைக்கோ, ஆவணங்களை வரவழைத்து ரத்து செய்து அடுத்து செய்ய வேண்டியதையும் ஆணையிடக் கேட்கும் செர்ஷியோரரிஃபைட் மேண்டமஸ். விதியின் செல்லுபடியைக் கேள்வி கேட்கும் மனுக்கள் வழக்கமாக இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகும். ஆணையத்தின் அலுவலகம் டெல்லியிலோ மும்பையிலோ இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. வழக்குக்கான காரணத்தின் ஒரு பகுதி இங்கே எழுந்திருந்தால் அரசியல் சாசனத்தின் 226(2) பிரிவின்படி இங்கேயே மனு போடலாம். ஆனால் விதி நாடு முழுக்கப் பொருந்தும் என்பது மட்டும் காரணமாகாது. உங்களுக்கு இங்கே என்ன பாதிப்பு என்பதைத் தேதியோடு காட்ட வேண்டும்.

எந்தெந்த அடிப்படையில் விதியைத் தாக்கலாம் என்பதற்குப் பலரும் கையில் எடுக்கும் பட்டியல், நம் ஊர் மணல் வழக்கில் பிறந்தது. ஆற்று மணல் அள்ளும் உரிமையை அரசே வைத்துக்கொள்ள வழிசெய்த தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின் 38ஏ விதி பற்றிய வழக்கு அது: தமிழ்நாடு அரசு எதிர் பி.கிருஷ்ணமூர்த்தி, 2006. சட்டமியற்றும் தகுதியின்மை, அடிப்படை உரிமை மீறல், அரசியல் சாசனத்தின் வேறு பிரிவுகளின் மீறல், தாய்ச் சட்டத்துக்கு இணங்காமை அல்லது அது தந்த எல்லையைத் தாண்டுதல், நாட்டின் பிற சட்டங்களோடு முரண்படுதல், வெளிப்படையான தன்னிச்சை. ஆறையும் மனுவில் வரிசையாகக் கொட்டுவதால் பயனில்லை. செல்லும் என்ற அனுமானம் விதியின் பக்கம்தான்; உடைக்கும் பொறுப்பு மனுதாரருடையது. நான்காவது அடிப்படை பலமாக இருந்தால் அதை முன்னால் வைத்து, தாய்ச் சட்டத்தின் வாசகத்தையும் விதியின் வாசகத்தையும் எதிரெதிரே நிறுத்துங்கள்.

அப்படி வாசகத்தாலேயே ஜெயித்த வழக்குக்குப் பெயர் கொடுத்தது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தரணி சுகர்ஸ். 2018 பிப்ரவரி 12 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. 2,000 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடன்கள் தவணை தவறினால் 180 நாளுக்குள் தீர்வுத் திட்டம் நடைமுறைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த 15 நாளில் வங்கிகள் திவால் மனு போட்டாக வேண்டும். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2017-ல் சேர்க்கப்பட்ட 35ஏஏ பிரிவு, திவால் நடவடிக்கை தொடங்குமாறு வங்கிகளுக்கு உத்தரவிட ரிசர்வ் வங்கிக்கு மத்திய அரசு அதிகாரமளிக்கலாம் என்கிறது. அதுவும் "ஒரு" தவணைத் தவறுதல் தொடர்பாக. குறிப்பிட்ட கடனாளி, குறிப்பிட்ட தவறுதல், மத்திய அரசின் அங்கீகாரம் மூன்றும் வேண்டும். எல்லோருக்குமாகப் பொத்தாம்பொதுவாக ஒரே சுற்றறிக்கை போட அந்தப் பிரிவில் இடமில்லை. 35ஏ பிரிவில் பொது அதிகாரம் இருக்கிறதே என்ற வாதமும் எடுபடவில்லை: ஒரு காரியத்தை இந்த முறையில் செய் என்று சட்டம் சொன்னால் அந்த முறையில்தான் செய்ய வேண்டும். 2019 ஏப்ரல் 2 அன்று சுற்றறிக்கை முழுவதும் விழுந்தது. அதை மட்டுமே நம்பித் தொடங்கிய திவால் நடவடிக்கைகளும் கூடவே விழுந்தன.

அதிகாரம் இருந்தும் தோற்பது இன்னொரு வகை. கிரிப்டோ வர்த்தகத்துக்கு வங்கிச் சேவை தரக்கூடாது என்று 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை, 2020 மார்ச் 4 அன்று ரத்தானது. தீர்ப்பை எழுதியவர் முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி வி.ராமசுப்பிரமணியன். ரிசர்வ் வங்கிக்கு விரிவான அதிகாரம் உண்டு என்பதை நீண்ட அலசலுக்குப் பின் ஒப்புக்கொண்டார். ஆனால் கிரிப்டோ சந்தைகளால் வங்கிகளுக்கு இதுவரை என்ன கேடு வந்தது என்று ஒரு தரவைக்கூட ரிசர்வ் வங்கி காட்டவில்லை. கிரிப்டோ தடை செய்யப்படாத நிலையில், வங்கிக் கதவை அடைத்து ஒரு தொழிலையே முடக்குவது அளவுக்கு மீறியது என்றார். எனவே அளவு மீறல் என்று வாதிட நினைப்பவர்கள் தேட வேண்டியது ஆணையத்தின் கோப்பில் இல்லாத தரவை. கலந்தாலோசனைத் தாள், வந்த கருத்துகள், கோப்புக் குறிப்புகள் ஆகியவற்றுக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டு, 30 நாள் பதிலுக்காகக் காத்திருந்து வாங்குங்கள். "அப்படி ஓர் ஆய்வு இல்லை" என்று வரும் பதிலும் ஒரு ஆவணம்தான்.

இடைக்காலத் தடையை நம்பி யாரும் தொழில் திட்டம் போட வேண்டாம். கிரிப்டோ வழக்கில் 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை தர மறுத்தது. தீர்ப்பு வர 20 மாதம் ஆனது. நாடு முழுக்கப் பொருந்தும் விதியை முழுவதுமாக நிறுத்தச் சொன்னால் நீதிபதிகள் தயங்குவார்கள். மனுதாரர் மீது மட்டும் கடும் நடவடிக்கை வேண்டாம், அல்லது தொகையை நீதிமன்றத்தில் கட்டுகிறோம், இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டு இருக்கட்டும் என்று குறுக்கிக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கட்டணமும் பின்தேதியும் தனியாகப் பார்க்க வேண்டியவை. தாய்ச் சட்டம் வெளிப்படையாக அனுமதிக்காமல் எந்த ஆணையமும் கட்டணமோ வரியோ விதிக்க முடியாது. 1992-ல் அகமதாபாத் நகர வளர்ச்சி ஆணைய வழக்கில் வளர்ச்சிக் கட்டணம் இப்படித்தான் விழுந்தது. பின்தேதியிட்டு விதி போடவும் அதேபோலச் சட்டத்தில் அதிகாரம் வேண்டும். விதியில் "அமலுக்கு வரும் நாள்" என்ற வரியும் அரசிதழ்த் தேதியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை இது, பலர் செய்வதில்லை.

விதி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று ஆணையம் பதில் மனுவில் சொல்லும். அவையில் வைத்ததால் செல்லாத விதி செல்லுபடியாகிவிடாது.

ஜெயித்த பிறகும் வேலை இருக்கிறது. தரணி சுகர்ஸ் தீர்ப்பு வந்து இரண்டே மாதத்தில், 2019 ஜூன் 7 அன்று ரிசர்வ் வங்கி புதிய சுற்றறிக்கை போட்டது. இந்த முறை திவால் மனு போடு என்ற கட்டாயம் இல்லை. 30 நாள் பரிசீலனைக் காலம். அது முடிந்து 180 நாளில் தீர்வு வராவிட்டால் அந்தக் கடனில் வரக்கூடிய இழப்புக்காக வங்கி 20 சதவீதம் கூடுதல் ஒதுக்கீடு செய்ய வேண்டும், பரிசீலனைக் காலம் தொடங்கி 365 நாளில் இன்னும் 15 சதவீதம். ஒதுக்கீட்டு விதி போடும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை. கடனாளிக்கு நெருக்கடி ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் இந்த முறை அது சரியான பிரிவின் வழியாக வந்தது. அதனால் தீர்ப்பு வந்த அன்றே கட்சிக்காரரிடம் சொல்லிவிடுங்கள்: ஆணையம் திரும்ப வரும். வரும்போது புதிய காகிதத்தின் முதல் பத்தியில் எந்தப் பிரிவின் கீழ் போடப்பட்டது என்று எழுதியிருக்கும், அதை எடுத்துக்கொண்டு மறுபடி தாய்ச் சட்டத்தைத் திறக்க வேண்டும்.